நான்காம் தொகுப்பின் ஆறாவது பாட்டு

நெருப்பெரிச்சல்
9 ஜூன் 2025

மதிப்பிற்குரிய ரத்தினசாமி அய்யா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் தரணி. பிளஸ் ஒன் படிக்கிறேன். 'மின்வெட்டு' குழுவின் பழைய பதிவுகள் மூன்றாம் தொகுப்போடு ஓர் அட்டை இருந்தது. "டிரம் அடித்தவனுக்குக் காது போய்விட்டது. போன் செய்யாதீர்கள். பாட்டைக் கேட்டுவிட்டு என்ன கேட்டது என்று எழுதுங்கள்" என்று அதில் போட்டிருந்தீர்கள். அதனால் எழுதுகிறேன்.

என் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறார். துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை பார்ப்பார். நான் உங்கள் பாட்டுகளில் அதைச் செய்கிறேன். ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்பிச் சிலவற்றைச் சொல்கிறேன்.

'சிறந்த பாடல்கள்' என்று நீங்கள் இதுவரை ஆறு தொகுப்புகள் போட்டுவிட்டீர்கள். ஆறிலும் 'இரண்டாம் ஷிப்ட்' இருக்கிறது. ஆறாவதில் மூன்றாம் சரணத்துக்கு முன்னால் வரும் இருமலைச் சுத்தம் செய்து எடுத்துவிட்டார்கள். அந்த இருமல் போனதும் பாட்டில் வேலை செய்து களைத்த ஆளும் போய்விட்டார். தயவுசெய்து அடுத்த முறை இருமலைத் திருப்பிப் போடுங்கள்.

பழைய பதிவுகளைப் பற்றி என் தோழி சொல்வது வேறு. "ஒரே பாட்டு மூணு வாட்டி. எக்ஸ்போர்ட்ல கழிச்ச மாலுக்குப் புது லேபிள் அடிச்சு விக்கறாங்க டீ" என்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 'குண்டூசி மழை'யின் இரண்டாவது பதிவில் உங்கள் தாளம் தவறுகிறது. பாடுகிறவர் அரை நொடி நின்று உங்களுக்காகக் காத்திருக்கிறார். நண்பர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. சிறந்த பாடல்கள் எதிலும் அந்த அரை நொடி கிடைக்காது.

இனி முக்கியமான செய்தி. அப்பாவின் ஒயர்ப் பெட்டிக்குள் ஒரு கேசட் கிடைத்தது. 'மின்வெட்டு, ஒத்திகை, 2003 ஆனி' என்று அப்பா கையெழுத்தில் இருக்கிறது. அதில் ஒரு பெண் உங்கள் குழுவோடு பாடுகிறார். இரண்டாம் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் அம்மா!

பாட்டு முடிந்ததும் யாரோ ஒருவர், "ஏனுங்க அம்மிணி, எந்த ஊருங்க, என்ன கூட்டமுங்க?" என்று கேட்கிறார். அம்மா சிரித்துக்கொண்டே பெயர், ஊர், கூட்டம் என்கிற குலப் பெயர், தன் அப்பா பெயர் எல்லாம் சொல்கிறார். கணியூர்ப் பக்கமாம். இது எனக்கே தெரியாது. அம்மாவுக்கு யாரும் இல்லை என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். விடுமுறை வந்தால் வகுப்பில் எல்லோரும் அம்மாவைப் பெற்ற அம்மாயி ஊட்டுக்குப் போவார்கள். நான் நூலகத்துக்குப் போவேன்.

கேசட்டின் நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அட்டையோடு இருந்த உங்கள் படிவத்தில், பழைய பதிவு அனுப்பினால் பாடியவர் விவரம் எழுதச் சொல்லியிருந்தது. கேசட்டில் அம்மா சொன்னபடியே சித்ரகலா என்ற பெயரும், ஊரும், கூட்டமும், அப்புச்சியின் பெயரும் எழுதிவிட்டேன். தொகுப்போடு நீங்கள் போடும் புத்தகத்தில் பார்த்து அப்புச்சி வீட்டிலிருந்து யாராவது வரக்கூடும் அல்லவா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வெளிவந்ததும் காட்டப் போகிறேன்.

பதிலுக்கு ஏங்கும்,
தரணி


குண்டடம்
16 ஜூன் 2025

கண்ணு தரணிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இருமல் விஷயத்தில் நீ சொல்வதே சரி. தொகுப்பு போடும் கோவை கேசட் கம்பெனிக்காரர்களிடம் நானும் சண்டை போட்டேன். "உங்களுக்குத்தான் காது கேக்காதே, இருமல் இருந்தா என்ன, போனா என்னங்க" என்று எழுதிக் காட்டினார்கள். தாளம் தவறிய விஷயத்தை மட்டும் வெளியில் சொல்லாதே. ஊரில் எனக்கு மரியாதை இருக்கிறது.

அந்தப் பெண்ணை நினைவிருக்கிறது. பனியன் கம்பெனி மாடியில் நாங்கள் ஒத்திகை பார்ப்போம். செக்கிங் பிள்ளைகள் டீ நேரத்தில் படியில் உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு நாள் எங்கள் பாடகன் வரவில்லை. ஒயர் மாட்டிக் கொடுக்கும் பையன், "கலாவைப் பாடச் சொல்லுங்கண்ணா" என்றான். அந்தப் பெண்ணும் எழுந்து வந்து பாடியது. அதற்கப்புறம் அந்தப் பெண்ணையும் காணோம், ஒயர்ப் பையனையும் காணோம்.

இப்போது எனக்கு ஸ்பீக்கர் மேல் கை வைத்தால் அதிர்வு மட்டும் தெரியும். உன் நாடாவைப் போட்டுக் கை வைத்தேன். போதும், சேர்த்துவிடலாம் என்று கோவைக்கு அனுப்பிவிட்டேன். நான்காம் தொகுப்பில் ஆறாவது பாட்டு. ஆனி முடிவதற்குள் வெளியீடு. முன்னோட்டமாக ஒரு நிமிடம் இணையத்தில் ரசிகர் பக்கத்தில் போட்டாகிவிட்டது. நீ எழுதித் தந்த விவரத்தையும் அப்படியே கீழே போட்டிருக்கிறார்கள்.

ரசிகர்கள் எழுதியதை அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரே ரகளை. "குழுவின் தொகுப்பில் வழிப்போக்கர்களுக்கு என்ன வேலை?" என்று ஒருவர். "முப்பத்தெட்டு வருடத்தில் இவர்கள் பதிவு செய்ததில் இதுதான் உருப்படியான ஒன்று" என்று இன்னொருவர். அவருக்கு என் பாடகன் மேல் ஏதோ கடுப்பு. "சித்ரகலா இப்போது எங்கே?" என்று நாற்பது பேர். உடுமலைப்பேட்டை ரசிகர் ஒருவர், "ஊரும் கூட்டமும் இருக்கு, அப்புறம் என்னங்க, ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சுத் தர்றேன்" என்று சவால் விட்டிருக்கிறார்.

உன் அப்புச்சி வீடு சீக்கிரம் கிடைத்துவிடும், கவலைப்படாதே.

ரத்தினசாமி


நெருப்பெரிச்சல்
21 ஜூன் 2025

அய்யா,

இதைப் படித்த உடனே கோவைக்குச் சொல்லிப் பெயரையும் ஊரையும் எடுக்கச் சொல்லுங்கள். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். முதலில் அதைச் செய்யுங்கள். கோவைக்கு நானே போன் செய்தேன், நீங்கள் சொல்லாமல் எதையும் எடுக்க மாட்டார்களாம்.

உங்கள் கடிதம் வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. வியாழக்கிழமை அம்மா வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். அம்மாவின் போனில் அந்த ஒரு நிமிடத்தைப் போட்டேன். அம்மா முகத்தைத் துடைக்காமல் அப்படியே நின்றார். பாட்டு முடியும் முன்பே போனைப் பிடுங்கினார். திரையில் இருந்ததைப் படித்தார். பிறகு ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

"இதெ யாரு போட்டது கண்ணு?"

"நான்தானுங்கம்மா."

அம்மா என்னை அடித்ததே இல்லை. அன்றைக்கும் அடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

அப்பா வந்த பிறகு இருவரும் சொன்னார்கள். நீங்கள் எழுதிய ஒயர்ப் பையன்தான் என் அப்பா மோகன்ராஜ். அப்பாவின் ஆட்கள் வேறு, அம்மாவின் ஆட்கள் வேறு. அம்மா வீட்டில் தோட்டம், கார் எல்லாம் உண்டாம், அம்மா அடம்பிடித்துத்தான் திருப்பூருக்கு வேலைக்கு வந்தாராம். 2004இல் இருவரும் ஓடிப்போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஒரு மாதத்தில் அம்மாவின் அண்ணன் ஆட்களோடு அப்பாவின் ஊருக்கு வந்தார். அப்பா அங்கே இல்லை. அங்கமுத்து சித்தப்பாதான் இருந்தார். அவர் கால் லாரியில் அடிபட்டது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். லாரி எதுவும் இல்லையாம் அய்யா. அம்மா கிடைத்தால் கொண்டுபோய்ச் சாய்த்துவிட்டுத்தான் சோறு என்று அந்த அண்ணன் சொல்லிவிட்டுப் போனாராம். பயத்தில் யாரும் போலீசுக்குப் போகவில்லை.

நான் சின்ன வயதிலிருந்து கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒரே மாலையில் பதில் வந்தது. கல்யாணப் படம் ஏன் இல்லை. ஏன் நான்கு வீடு மாறினோம். கம்பெனியில் எல்லோரும் அம்மாவை ஏன் ராணி என்று கூப்பிடுகிறார்கள். நான் ஏதோ பெரிய ஆராய்ச்சி செய்துவிட்டதாக நினைத்தேன். அவர்கள் இருபத்தொரு வருடம் மூடி வைத்ததை நான் படிவத்தில் நான்கே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இன்று காலை ரசிகர் பக்கத்தில் பழனிமுத்து என்று ஒருவர் எழுதியிருக்கிறார். "இது எங்க ஊட்டுப் புள்ள குரலுங்க. வெலாசம் இருந்தாக் குடுங்க." கீழே எல்லோரும் கை தட்டுகிறார்கள். "அண்ணன் கிடைச்சாச்சு!", "கண்ணுல தண்ணி வந்துருச்சு", "விலாசம் தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்கப்பா."

பழனிமுத்து என்பது அம்மாவின் அண்ணன் பெயர்.

தரணி


குண்டடம்
25 ஜூன் 2025

கண்ணு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அவர் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டுப் போய்விட்டார்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். வெங்காயக் காட்டில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கார் வந்து வரப்போரம் நின்றது. ஒருவர் இறங்கி வந்தார். அறுபதுக்குப் பக்கம் வயது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காட்டுக்குள் வந்தார். அந்த மரியாதையைப் பார்த்தே நான் ஏமாந்தேன். காது கேட்காது என்று சைகை செய்தேன். பையிலிருந்து சிட்டையை எடுத்து எழுதிக் காட்டினார். நான் வாயால் பதில் சொன்னேன். அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. இத்துடன் வைக்கிறேன். உன் அம்மாவிடம் காட்டு. கையெழுத்தைப் பார்த்தால் அதற்குத் தெரியும்.

'சித்ரகலா எங்க தங்கச்சிங்க' என்று எழுதினார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! நாடா எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நெருப்பெரிச்சலில் இருந்து ஒரு பள்ளிக்கூடப் பெண் அனுப்பியது, எங்கள் ரசிகை என்றேன். 'தங்கச்சி நல்லா இருக்குதுங்களா? குழந்தை இருக்குதுங்களா?' என்று அடுத்து எழுதினார்.

நீ மகள் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். அப்போது காரைப் பார்த்தேன். உள்ளே இரண்டு பேர். உச்சி வெயில், கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தார்கள். மோர் குடிக்க வரச் சொல்லிக் கை காட்டினேன். இறங்கவில்லை. தங்கையைத் தேடி வருகிறவன் எதற்கு இறங்காத ஆட்களைக் கூட்டி வருகிறான் என்று எனக்குள் ஏதோ இடித்தது. "எனக்கொண்ணும் தெரியாதுங்க, நாடா வந்துச்சு, அவ்வளவுதான்" என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஊர்ப் பெயரைச் சொன்னது நான். கதவு எண்ணைச் சொல்லவில்லை. ஆனால் நெருப்பெரிச்சலில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது?

பெயரை இணையத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குள் ரசிகர்கள் அதைப் படமெடுத்துத் தங்களுக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். தப்பாக நினைத்துச் செய்யவில்லை, பாவிகள். புத்தகம் ஆயிரம் பிரதி அச்சாகிவிட்டது. நாளை காலை முதல் பஸ்ஸில் கோவை போகிறேன்.

நீங்கள் அந்த வீட்டில் இருக்க வேண்டாம்.

ரத்தினசாமி


29 ஜூன் 2025

அய்யா,

ஊர்ப் பெயர் எழுதவில்லை. பதில் எழுதினால், அவிநாசியில் மெஸ் நடத்தும் ராமாத்தாள் அக்கா பெயருக்குப் போடுங்கள். விலாசம் தனித் தாளில் இருக்கிறது. எழுதிக்கொண்டு அதைக் கிழித்துவிடுங்கள்.

அந்தத் தாளை அம்மாவிடம் காட்டினேன். "அண்ணன் எழுத்துத்தான்" என்றார். எனக்கு அந்த வரிகளைப் படிக்கும்போது அவர் நல்லவர் போலத்தான் தோன்றியது. குழந்தை இருக்கிறதா என்று கேட்கிறாரே, மனம் மாறியிருக்கலாமே என்று சொன்னேன்.

"அங்கமுத்துகிட்டயும் இப்படித்தான் கண்ணு கேட்டாங்க," என்றார் அம்மா. "தோள்ல கை போட்டு, 'சாப்பிட்டயாப்பா'ன்னு. சாப்பிட்டேனுங்கன்னு அவரு சொன்னதுக்கப்புறம்தான் கால்ல அடிச்சுப் போட்டாங்க."

வெள்ளிக்கிழமை பள்ளியில் வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டார். "பாட்டு கேசட்டு அனுப்பின புள்ள யாருன்னு ஒருத்தர் விசாரிச்சாருங்க பாப்பா. பரிசு தரணுமாம். நீதான் எப்பவும் பாட்டுப் பாட்டுன்னு திரிவியே, நீயா?" என்றார். இல்லீங்க என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசியது போல இருந்தது. பின்வாசல் வழியாக வந்தேன். மூன்று தெரு சுற்றினேன். ஒவ்வொரு வெள்ளைக் காரும் மெதுவாகப் போவது போலவே இருந்தது. திருப்பூரில் எத்தனை வெள்ளைக் கார்கள் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அன்று மாலையே கிளம்பிவிட்டோம். இரண்டு பை, ஒரு அடுப்பு. என் புத்தகங்களில் ஆறு மட்டும் எடுக்கச் சொன்னார்கள். பாட்டு நோட்டை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டேன்.

போலீசுக்குப் போகலாம் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். இப்படி மிரட்டப்படுகிற தம்பதிகளுக்கு என்றே தனி உதவி எண் இருக்கிறது, செய்தித்தாளில் படித்திருக்கிறேன். அப்பா நாளை ஒரு வக்கீலைப் பார்க்கப் போகிறார். அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. அம்மா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். நான் எழுத மாட்டேன் என்று அழுதேன். எழுதித்தான் ஆக வேண்டும் என்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பாடுனவ செத்துப் போயிட்டான்னு புஸ்தகத்துல போடச் சொல்லு. செத்தவளெ யாரும் தேட மாட்டாங்க."

தேதிகள் விஷயத்தில் நீங்கள் எவ்வளவு கண்டிப்பானவர் என்று எனக்குத் தெரியும். ஓர் ஒத்திகையின் கிழமை தவறிப்போனதற்கு இரண்டாம் தொகுப்பில் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதியவர் நீங்கள். அதனால்தான் நீங்கள் சொன்னால் நம்புவார்கள்.

தரணி


குண்டடம்
14 ஜூலை 2025

கண்ணு,

செய்துவிட்டேன்.

ஆயிரம் புத்தகத்திலும் அந்தப் பக்கத்தின் மேல் தாள் ஒட்டச் சொன்னேன். கம்பெனிக்காரர்கள் குதித்தார்கள். ஒட்டாவிட்டால் நான்காம் தொகுப்பில் என் பெயர் இருக்காது, டிரம் சத்தமும் இருக்காது என்றேன். ஒட்டினார்கள். "ஆறாவது பாட்டைப் பாடியவர் பல ஆண்டுகளுக்கு முன்பே காலமானார். நாடா பழைய பேப்பர் கடை ஒன்றில் கிடைத்தது. முந்தைய விவரங்கள் பிழை. ரத்தினசாமி." ரசிகர் பக்கத்திலும் அதையே போட்டார்கள்.

ரசிகர்கள் என்னை உரித்துவிட்டார்கள். "உயிரோடு இருக்கிறவர் மாதிரி ஆசை காட்டி விற்றீர்களே" என்று ஒருவர். "காது போனவரை நம்பிப் பழைய பதிவுகளை ஒப்படைத்தது தப்பு, வேறு ஆளைப் போடுங்கள்" என்று பலர். நூற்றுக்கு மேல் அஞ்சலி. மெழுகுவத்தி, மாலை போட்ட மைக். முப்பத்தெட்டு வருடத்தில் நான் தெரிந்தே மாற்றி எழுதிய முதல் விவரம் இது. திட்டட்டும்.

நேற்று அவர் மறுபடியும் வந்தார். அதே கார். அதே இரண்டு பேர். ஒட்டிய தாளோடு புத்தகம் அவர் கையில் இருந்தது. இந்த முறை நான் வாய் திறக்கவில்லை. என் குரல் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயம். சிட்டையை வாங்கி நானும் எழுதினேன். அந்தத் தாளை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்ன எழுதினோம் என்று எனக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.

'எந்த வருசமுங்க?'

'2009.'

'எப்படிங்க?'

'பிரசவத்தில்.'

'யாரு சொன்னது?'

'கம்பெனியில் கூட வேலை செய்தவர்கள்.'

அப்புறம் எழுதினார்.

'குழந்தை?'

கண்ணு, நான் எழுதியதை நீ மன்னிக்க வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உன் கையெழுத்து, அந்தக் குண்டு குண்டான 'ண', என் கண்முன் வந்து நின்றது. எழுதிவிட்டேன்.

'குழந்தையும்.'

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். தோள் இரண்டும் குலுங்கின. அழுதாரா, சிரித்தாரா, எனக்குத் தெரியாது. சத்தம் கேட்காதவனுக்குத் தோள் குலுங்குவது மட்டும்தான் தெரியும். எழுந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறைக்கலாமா என்று யோசித்தேன், முடியவில்லை. அவர் ஊருக்குப் போவதென்றால் கார் தாராபுரம் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. பல்லடம் ரோட்டில் போனது. அது திருப்பூருக்கு, உங்கள் நெருப்பெரிச்சலுக்குப் போகிற வழி.

ரத்தினசாமி


18 ஜூலை 2025

அய்யா,

இது என் கடைசிக் கடிதம். இனி எழுதக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அவர் அப்பாவையும் அம்மாவையும் காவல் அலுவலகத்துக்குக் கூட்டிப் போய்ப் பாதுகாப்புக் கேட்டு மனு கொடுத்திருக்கிறார். அதற்குப் பதில் வரும் வரை வெளியே போகாமல் இருக்கிறோம். உங்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. 'குழந்தையும்' என்ற அந்த ஒரு சொல்லை முதல் முறை படித்தபோது மட்டும் என் கையை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். தோள் குலுங்கிய இடத்தை அம்மா மறுபடியும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு முறை என்றார். மூன்றாம் முறை வாசிக்கும்போது நடுவில் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"அழுதிருப்பாங்க" என்றார். அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்தும் சொல்லவில்லை. "அழுதுதானுங்க இருப்பாங்க. என்னெத் தூக்கி வளத்தவங்க."

அப்பா என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி மடித்தார்.

அம்மா எழுந்தார். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். அரிசி மூட்டையை உருட்டிக்கொண்டு போய்க் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். கேஸ் சிலிண்டரையும் நகர்த்தி அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு கதவையே பார்த்தபடி, அதற்கு நேர் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்போது பகல் மூன்று மணி. வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.